தோல்விக்கு அடுத்த ஆட்டம்: சிங்கப்பூர் 2024 ஏட்டில் மன உறுதிக்கான சான்று

மன உறுதி உயர்மட்டப் போட்டிகளில் வெற்றி தருகிறது என்னும் கூற்றுக்குக் காட்டப்படும் சான்றுகளில் பெரும்பகுதி வென்றவர்களிடமிருந்தே திரட்டப்பட்டது. சாம்பியன்களை நேர்கண்டு, அவர்கள் தம்மைப் பற்றிச் சொல்லும் பண்புகளைத் தொகுத்து, அத்தொகுப்புக்கே மன உறுதி என்று பெயரிடும் ஆய்வுமரபு ஒன்று நிலைபெற்றுவிட்டது. வென்றதால் ஒருவர் உறுதியானவர். உறுதியானவர் என்பதால் அவர் வென்றார். இந்தச் சுழற்சியை உடைக்க, முடிவு தெரியும் முன்பே எடுக்கப்பட்ட தீர்மானங்களைப் பதிவுசெய்த மூலம் ஒன்று வேண்டும். சதுரங்க ஆட்ட ஏடு அத்தகையது. பின்னர் தரப்படும் எந்த விளக்கமும் அதிலுள்ள நகர்வுகளை மாற்றிவிட முடியாது.

2024 நவம்பர் 25 முதல் டிசம்பர் 12 வரை சிங்கப்பூரில் நடப்புச் சாம்பியன் டிங் லிரனுக்கும் அவருக்குச் சவால்விட்ட டி. குகேஷுக்கும் இடையே நடந்த உலகச் சதுரங்கப் பட்டப் போட்டி இவ்வகையில் மிகுதியாக மேற்கோள் காட்டப்படுகிறது. மிகுதியாகத் தவறாகவும் படிக்கப்படுகிறது. வழக்கமான வாசிப்பு 14ஆவது ஆட்டத்தையே மையமாகக் கொள்கிறது. ஆளுக்கு 6.5 புள்ளிகள். கறுப்புக் காய்களுடன் ஆடிய குகேஷிடம் ஒரு காலாள் கூடுதலாக இருந்தது. ஆயினும் நிலை சமன் ஆகத்தக்கது. அவர் விடாமல் ஆடினார். 55ஆவது நகர்வில் டிங் தம் கோட்டையைத் தவறான கட்டத்தில் வைத்தார். கோட்டைகளும் அமைச்சர்களும் வெட்டுப்பட்டு, ஒரு காலாள் கூடுதலாக இருந்த குகேஷ் 58ஆவது நகர்வில் வென்றார். விடாமுயற்சியின் பலன் என்று ஒரு சாரார் இதைக் கொண்டாடினர். எதிராளியின் பிழையால் வந்த அதிர்ஷ்டம் என்று மறுசாரார் தள்ளினர்.

இரு சாராருமே தவறான ஆட்டத்தைப் பார்க்கின்றனர். ஒரு காலாள் கூடுதலாக இருக்கும்போது, தோற்கும் அபாயம் ஏறத்தாழ இல்லாத நிலையில், ஆட்டத்தை நீட்டிப்பதற்குச் சிறப்பான மன உறுதி எதுவும் தேவையில்லை. அந்த மட்டத்தில் எவரும் அதைத்தான் செய்வர். டிங்கின் பிழையைத் தாம் உடனே கவனிக்கவில்லை என்றும், வேறொரு நகர்வை ஆடவே முற்பட்டதாகவும் குகேஷே பின்னர் தெரிவித்தார். அந்தப் பிழை நிகழாமல் ஆட்டம் சமனில் முடிந்திருந்தால், அவர் மனத்தின் இயல்பு அணுவளவும் மாறியிருக்காது. அதைப் பற்றி எழுதப்பட்டவை மட்டும் மாறியிருக்கும்.

சான்று வேறிடத்தில் இருக்கிறது. முதல் ஆட்டத்தில் வெள்ளைக் காய்களுடன், பிரெஞ்சுத் தற்காப்புக்கு எதிராக, குகேஷ் தோற்றார். 12ஆவது ஆட்டத்தில் மீண்டும் தோற்றார். முந்தைய நாள் பெற்ற முன்னிலை பறிபோனது. ஒருநாள் ஓய்வுக்குப் பின் 13ஆவது ஆட்டம். வெள்ளையுடன் அவருக்குக் கடைசி வாய்ப்பு. அதில் அவர் அரசன் முன் காலாளை இரு கட்டம் நகர்த்தித் தொடங்கினார். டிங் மீண்டும் பிரெஞ்சுத் தற்காப்பைத் தேர்ந்தார். முதல் ஆட்டத்தில் தம்மை வீழ்த்திய அதே தொடக்கத்துக்குள், இரண்டாம் தோல்வியின் சூடு ஆறுமுன், குகேஷ் தெரிந்தே திரும்பிச் சென்றார். 68 நகர்வுகளில் ஆட்டம் சமனானது. வெற்றி கிடைக்காததால் இது கவனம் பெறவில்லை. ஆனால் முடிவால் மாசுபடாத சான்று என்ற வகையில் இதற்கு இணையானது அந்தப் போட்டியில் வேறில்லை. 6ஆவது ஆட்டத்தில், நிலை சற்றே பின்தங்கியிருந்தும், நகர்வுகளைத் திரும்ப ஆடிச் சமன் பெறும் வழியைக் குகேஷ் விலக்கியதும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது.

முதல் தோல்விக்குப் பின் தமக்கு ஆறுதலாக அமைந்த ஒரு சொல்லையும் குகேஷ் குறிப்பிட்டார். 2010இல் சோபியாவில் நடந்த உலகப் பட்டப் போட்டியில் டோபலோவிடம் முதல் ஆட்டத்தைத் தோற்ற விசுவநாதன் ஆனந்துக்கு மீதமிருந்தவை 11 ஆட்டங்கள். உனக்கு 13 உள்ளன என்று ஆனந்த் நினைவூட்டினாராம். ஊக்கமூட்டும் உரை ஏதுமில்லை, வெறும் கணக்கு. ஆனால் சோபியா இன்னொன்றையும் எச்சரிக்கிறது. அங்கே 12ஆவது ஆட்டத்தில், சமநிலையை முறிக்கும் விரைவு ஆட்டங்களைத் தவிர்க்க விரும்பி வலிந்து ஆடியவர் டோபலோவ். கறுப்புடன் வென்றவர் ஆனந்த். எனவே சமனை மறுப்பதையே மன உறுதி என்று கொள்ளவும் இயலாது. முன் நேர்ந்த தோல்வி அடுத்த தீர்மானத்தைத் திரிக்காதிருப்பதே அளவுகோலாக நிற்கக்கூடியது.

இந்த அளவுகோலை டிங்குக்கும் பொருத்த வேண்டும். 2023இல் பட்டம் வென்றபின் மனச்சோர்வு பற்றி அவர் வெளிப்படையாகப் பேசினார். 2024 ஜனவரிக்குப் பின் நீண்டநேர ஆட்டம் ஒன்றிலும் வெல்லாமல் சிங்கப்பூர் வந்து, முதல் ஆட்டத்திலேயே வென்றார். 7ஆவது ஆட்டத்தில் தோல்வியின் விளிம்பிலிருந்து 72 நகர்வுகளில் தப்பினார். 11ஆவது ஆட்டத்தில் தோற்ற மறுநாளே, போட்டியின் மிகச் செறிவான வெற்றிகளுள் ஒன்றைப் பெற்றார். மீண்டெழுதல் மட்டுமே அளவு என்றால் அவர் குகேஷுக்குச் சற்றும் குறைந்தவரல்லர். வேறுபாடு, சாதகமான நிலைகளிலும் டிங் சமனை நாடியதில் தெரிகிறது. 14ஆவது ஆட்டத்தில் வெள்ளையுடன் ஆடியும், ஒரு காலாளை இழந்து எளிய முடிவாட்டத்துக்குள் சென்றவர் அவர். நேற்றைய தோல்வியிலிருந்து மீள்வது வேறு, பல மாதத் தோல்விகள் விட்டுச்சென்ற தயக்கத்திலிருந்து மீள்வது வேறு என்று இதற்குப் பொருள் கொள்ளலாம். ஒரே போட்டியின் ஏடு இதற்குமேல் எதையும் உறுதிப்படுத்தாது.

ஆட்டங்களின் தரம் குறைவு என்ற விமர்சனம் இங்கே பொருந்தாது. ஆராயப்படுவது தீர்மானங்களே, அவற்றின் அழகு அல்ல. எல்லாம் 18 வயதின் துணிச்சல் என்ற வாதமும் நெடுந்தூரம் செல்லாது. அதே குகேஷ், 2025 செப்டம்பரில் சமர்கண்ட் கிராண்ட் சுவிஸ் போட்டியில் தொடர்ந்து 3 ஆட்டங்களைத் தோற்றார். வயதோ, பிறவிப் பண்போ காரணமாக இருந்திருந்தால் அங்கும் அது உதவியிருக்க வேண்டும்.

குகேஷ் மனப்பயிற்சியாளர் பேடி அப்டனுடன் இணைந்து தயாரானது அறியப்பட்டது. 2011 உலகக் கோப்பையை வென்ற இந்தியக் கிரிக்கெட் அணியுடனும் பணியாற்றியவர் அப்டன். அவருடைய பங்கைத் தொடக்க ஆட்டத் தயாரிப்பிலிருந்து பிரித்து அளக்கும் வழி இந்த ஏட்டில் இல்லை. ஆகவே மனப்பயிற்சி பட்டம் வென்று தந்தது என்னும் முடிவு, இப்போதுள்ள சான்றின் அடிப்படையில், ஏற்கத்தக்கதன்று. தோற்றவரின் ஏட்டையும் வென்றவரின் ஏட்டோடு வைத்து, தோல்விக்கு அடுத்த ஆட்டங்களைத் தனியே பிரித்துப் படிக்கும் ஆய்வுகளே இக்கேள்வியை முன்னெடுத்துச் செல்லும்.