தூக்கிப் போடாத தகடுகள்

திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு பக்கம் பஸ்ஸில் போனால் மேற்கே கொடைக்கானல் மலை தெரியும். ஏரியும் பனியும்தான் அங்கே என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். சூரியனில் எழும் வெடிப்புகளைப் படம்பிடிக்கும் வேலையும் அங்கே நூறு வருஷத்துக்கு மேலாக நடக்கிறது.

இந்தக் கதை மலையில் தொடங்கவில்லை. கீழே, நம்ம சமவெளியை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தில் (1876–78) தொடங்கியது. மழை பொய்ப்பதற்கும் சூரியனுக்கும் தொடர்பு உண்டா என்று அறிய, சூரியனைத் தொடர்ந்து கவனிக்கச் சொன்னார்கள். கொடைக்கானல் ஆய்வகம் 1901ல் வேலையை ஆரம்பித்தது. மழைக் கணக்கு கைகூடவில்லை. ஆனால் படங்கள் சேர்ந்தன.

சூரிய வட்டத்தை ஒரு தட்டால் மறைத்துவிட்டு, விளிம்பில் எழும் தீநாக்குகளை மட்டும் கண்ணாடித் தகட்டில் பிடிப்பார்கள். 1890 முதல் 1914 வரையிலான தீநாக்குப் பதிவுகளை ஜான் எவர்ஷெட், மேரி எவர்ஷெட் தம்பதி ஆராய்ந்து 1917ல் வெளியிட்டார்கள். எல்லாம் கண்ணாலும் கையாலும் செய்த வேலை.

இப்போது அதையே கணினி செய்கிறது. 2020ல் வெளிவந்த ஓர் ஆய்வு, டிஜிட்டலாக்கிய கொடைக்கானல் படங்களோடு ஐரோப்பியப் படங்களையும் சேர்த்து, 10 சூரியச் சுழற்சிகளின் தீநாக்குகளைத் தானாகவே கண்டறிந்தது.

கணினி எண்ணினால் சண்டை தீர்ந்துவிடுமா? இல்லைங்க. சோஹோ விண்கலப் படங்களில் தெரியும் பெரிய உமிழ்வுகளுக்கு ஒரு பட்டியலை மனிதர்கள் பார்த்துத் தயாரிக்கிறார்கள். பெல்ஜியத்தின் 'காக்டஸ்' மென்பொருள் இன்னொன்றைத் தானாகத் தயாரிக்கிறது. இரண்டும் ஒத்துப்போவதில்லை. மங்கலான, ஒல்லியான ஒன்றை உமிழ்வு என்பதா வேண்டாமா என்பதில்தான் வித்தியாசம். கணினி ஒரே அளவுகோலை அலுக்காமல் பிடிக்கும். அந்த அளவுகோலைத் தீர்மானிப்பது நாம்தான்.

2023ல் ஏவிய ஆதித்யா எல்-1ன் கொரோனா கருவி, நொடிக்கு ஒரு படம் எடுக்கும்படி திட்டமிடப்பட்டது. அத்தனையையும் பூமிக்கு அனுப்ப வழியில்லை. அதனால், அடுத்தடுத்த படங்களைக் கழித்துப் பார்த்து, வெளிச்சமும் பரப்பும் ஓர் எல்லையைத் தாண்டினால் மட்டும் உமிழ்வு என்று விண்கலத்திலேயே முடிவெடுக்கும் முறை ஒன்றை 2018ல் முன்வைத்தார்கள். அனுப்பும் தரவு 85 சதவீதமோ அதற்கு மேலோ குறையும் என்று கணக்கிட்டார்கள்.

கெட்டிக்கார ஏற்பாடுதான். ஆனால் எல்லைக்குக் கீழே நழுவியதை நாளைக்கு யாரும் திரும்ப எண்ண முடியாது. கொடைக்கானல்காரர்கள் அன்று எதற்கு உதவும் என்று தெரியாமலே தகடுகளைப் பத்திரமாக வைத்தார்கள். அதனால்தான் எவர்ஷெட் காலத்து வானத்தை இன்றைய கணினி மறுபடி எண்ணுகிறது. பட்டியலை எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம், படம் கையில் இருந்தால்.