ஒரு மாலை மேடையும் நிலையான நாற்காலியும்: அமெரிக்க இசைக்குழுக்களின் இளம் இசைஞர் போட்டிகள் குறித்து ஒரு மறுவாசிப்பு

அமெரிக்கச் சிம்பொனி இசைக்குழுக்களின் கதவு யாருக்கு எப்போது திறந்தது என்று எழுதுவோரில் பெரும்பாலோர் கிளாடியா கோல்டின், செசிலியா ரௌஸ் இருவரும் 2000-இல் ‘அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ’ இதழில் வெளியிட்ட ஆய்விலிருந்தே தொடங்குகிறார்கள். பாஸ்டன் குழு 1952-இல் கையாளத் தொடங்கி, 1970-களில் மற்றக் குழுக்களுக்கும் பரவிய திரைமறைவுத் தேர்வே அவர்களது ஆய்வுப்பொருள். இசைஞர் திரைக்குப் பின்னால் வாசிப்பார். நடுவருக்கு ஒலி மட்டுமே எட்டும். காலணி ஓசையை வைத்து ஆணா பெண்ணா என்று ஊகித்துவிடக் கூடாது என்று நடைபாதையில் கம்பளம் விரித்த குழுக்களும் உண்டு. முன்னணிக் குழுக்கள் ஐந்தில் 1970-இல் 5 விழுக்காட்டுக்கும் குறைவாக இருந்த பெண்கள் 1997-க்குள் 25 விழுக்காட்டை எட்டியதில் திரைக்குக் கணிசமான பங்குண்டு என்பது அவர்கள் முடிவு.

இந்த ஆய்வின் உழைப்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. எட்டுக் குழுக்களின் தேர்வுப் பதிவேடுகளைத் திரட்டி, ஒரே ஆள் திரையோடும் திரையின்றியும் எப்படித் தேறினார் என்று ஒப்பிட்டது அதுவரை எவரும் செய்யாதது. ஆனால் அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டுவோர் தவறாமல் விட்டுவிடும் வரி ஒன்று அதிலேயே இருக்கிறது. முதற்சுற்றில் திரை பெண்களுக்குத் துணைநின்றது. இறுதிச் சுற்றில் அந்தத் துணை பல மடங்கானது. இடையிலுள்ள அரையிறுதியிலோ முடிவு தலைகீழ்: திரை இருந்தபோது பெண்கள் குறைவாகவே தேறினார்கள். சில மதிப்பீடுகளின் பிழை வரம்பு பெரிது என்பதையும், ஒரு விளைவு எதிர்த்திசையிலேயே நின்றது என்பதையும் ஆசிரியர்கள் மறைக்கவில்லை. பின்வந்தவர்கள்தான் அந்தத் தயக்கத்தை உதறிவிட்டு, ‘திரை போட்டார்கள், கதவு திறந்தது’ என்று கதையைச் சுருக்கினார்கள்.

நான் மறுப்பது அவர்களது எண்களை அன்று, கதை தொடங்கும் இடத்தை. விண்ணப்பிப்போர் தொகை பெருகியதை அவர்கள் கவனித்திருக்கிறார்கள் என்றாலும், அவர்களது ஆய்வு தேர்வு அறையின் வாசலில்தான் கால் வைக்கிறது. அதே இசைக்குழுக்களுக்கு இன்னொரு வாசலும் இருந்தது. அதுதான் இளம் இசைஞர் போட்டி: வென்றவர் பரிசாக முழுக் குழுவோடு மேடையேறலாம். இந்த இரண்டு வாசல்களும் ஒரே வீட்டுக்குள் சென்றனவா? செல்லவில்லை என்பது என் துணிபு.

முதல் சான்று கறுப்பினப் பாடகி மேரியன் ஆண்டர்சன். 1925-இல் நியூயார்க்கில் நடந்த பாட்டுப் போட்டியில் ஏறத்தாழ 300 பேரை வென்று, ஆகஸ்ட் 26 அன்று லூயிசன் ஸ்டேடியத்தில் நியூயார்க் பில்ஹார்மோனிக் குழுவோடு பாடினார். தம் தன்வரலாற்றில் அவர் தரும் விவரம் கூர்ந்து நோக்கத்தக்கது. அவருக்குக் கிடைத்த எண் 44ஏ. ‘போதும்’ என்று நடுவர்கள் ஓசை எழுப்பியதும் பாடுபவர் நிறுத்திவிட வேண்டும்; பாடியவர்கள் ஒவ்வொருவராக இப்படிப் பாதியிலேயே திருப்பி அனுப்பப்பட்டார்கள். தோனிசெத்தியின் ‘லா பவோரிதா’ ஆபெராவிலிருந்து எடுத்த பாட்டை அவர் மட்டும் முடிவுவரை பாடினார். பெயரை விலக்கி எண்ணை வைத்து அழைக்கும் முறை இருந்தது, திரை இல்லை. நடுவர்கள் அவரைக் கண்ணால் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தார்கள்.

இந்தப் போட்டியை யார் நடத்தினார்கள் என்பதில் நூல்களுக்குள் பாடபேதம் உண்டு. சில நூல்கள் ‘பில்ஹார்மோனிக் நடத்திய போட்டி’ என்கின்றன. வேறு சில ஸ்டேடியக் கச்சேரி அமைப்பாளர்களைச் சொல்கின்றன. எனக்கு இரண்டாவது பாடமே பொருத்தமாகப் படுகிறது. ஸ்டேடியக் கோடைக் கச்சேரிகளுக்குத் தனி அமைப்பு இருந்தது. பில்ஹார்மோனிக் அங்கே ஒப்பந்தத்தில் வாசித்த குழு. அப்படியானால் குழு ஆண்டர்சனைத் தேர்ந்தெடுக்கவில்லை, பக்கவாத்தியம் மட்டுமே வாசித்தது. ஒரு சொல் மாறினால் வரலாறே இடம் மாறிவிடுகிறது. இதைத் தீர்ந்த முடிவாகச் சொல்ல மாட்டேன். ஆனால் எந்தப் பாடத்தைக் கொண்டாலும் ஓர் உண்மை மாறாது: அந்தக் குழுவில் கறுப்பின வயலின் கலைஞர் சான்ஃபோர்ட் ஆலனுக்கு நிலையான நாற்காலி கிடைத்தது 1962-இல். இடையில் 37 ஆண்டுகள் ஓடிவிட்டன.

இரண்டாவது சான்று பிலடெல்பியா. பியானோ கலைஞர் ஆண்ட்ரே வாட்ஸ் 9 வயதில் பிலடெல்பியா இசைக்குழுவின் சிறுவர் கச்சேரிகளுக்கான போட்டியில் வென்று ஹைடன் கான்செர்ட்டோவை வாசித்தார். அவர் பிறந்தது 1946 ஜூன் 20. வயதுக் கணக்கு சரியென்றால் வெற்றி 1955 நடுவிலிருந்து 1956 நடுவுக்குள் அமையும். அதற்கு மேல் ஆண்டை இறுக்கிச் சொல்ல நான் துணியவில்லை. கறுப்பின அமெரிக்கப் படைவீரருக்கும் ஹங்கேரியப் பெண்மணிக்கும் பிறந்த அந்தச் சிறுவனைத் தங்கள் நடுவில் அமர்த்தி வாசித்த குழுவிலேயே கறுப்பினத்தவர் உறுப்பினரானது 1970 வாக்கில்தான். 1963 ஜனவரியில் நியூயார்க் பில்ஹார்மோனிக் குழுவின் இசை இயக்குநர் லெனர்ட் பெர்ன்ஸ்டைன் வாட்ஸைத் தம் மேடைக்கு அழைத்தார். ஜனவரி 31-இல், உடல்நலம் குன்றிய கிளென் கூல்டுக்குப் பதிலாக லிஸ்ட்டின் முதல் கான்செர்ட்டோவை வாசித்து வாட்ஸ் நாடறிந்தவரானார். பில்ஹார்மோனிக் வரிசைகளில் அப்போது இருந்த ஒரே கறுப்பினக் கலைஞர் ஆலன். 16 வயது இளைஞர் முன்மேடையை எட்டிவிட்டார். பின்வரிசைக்கு வழி ஏறக்குறைய அடைபட்டே கிடந்தது.

பந்தியில் உட்காரவைப்பது வேறு, பங்காளியாக்குவது வேறு. போட்டியில் வென்றவர் மறுநாள் ஊர் திரும்பிவிடுவார். அவருக்குச் சம்பளமில்லை, பணிக்காப்பில்லை. அடுத்த நாற்காலிக்காரரோடு முப்பது ஆண்டுகள் ஒரே ஸ்டாண்டைப் பகிர வேண்டியதுமில்லை.

வேறுபாடு மனப்பான்மையில் மட்டுமா? வாசிக்கும் உருப்படியிலேயே இருக்கிறது. போட்டிக்கு ஒரு கான்செர்ட்டோவின் முழுப் பகுதி போதும். நாற்காலிக்கான தேர்வில், ஸ்ட்ராஸின் ‘டான் ஹுவான்’ முதற்பக்கம், மொசார்ட்டின் 39-ஆம் சிம்பொனி இறுதிப்பகுதி, மெண்டல்சோனின் ஸ்கெர்ட்சோ என்று துண்டுதுண்டாகக் கேட்பார்கள். அதற்கான பயிற்சியை ஏற்கெனவே குழுவில் இருக்கும் ஆசிரியரிடமிருந்துதான் பெற முடியும். அந்த ஆசிரியரை அடைய உறவும் பணமும் வேண்டும்.

இங்கேதான் 1970-ஆம் ஆண்டின் ஓர் ஆவணம் முக்கியமாகிறது. ஆர்தர் டேவிஸ், ஏர்ல் மேடிசன் என்ற இரு கறுப்பினக் கலைஞர்கள் 1969-இல் பில்ஹார்மோனிக் மீது தொடுத்த வழக்கில் நியூயார்க் மனித உரிமை ஆணையம் அளித்த தீர்ப்பு அது. தீர்ப்புக்கு இரண்டு பாதிகள். நிலையான பணிக்கு அவ்விருவரைத் தேராததில் பாகுபாடு நிறுவப்படவில்லை என்பது ஒரு பாதி. மாற்று வாசிப்பாளர்களையும் கூடுதல் வாசிப்பாளர்களையும் அமர்த்துவதில் பாகுபாடு தொடர்ந்து நடந்தது என்பது மறுபாதி. திரையின் தோற்றத்தை இந்த வழக்கோடு இணைப்போர் முதற்பாதிக்கு விடை தேடுகிறார்கள். நோய் இருந்தது மறுபாதியில்: தேர்வுக்கு முன்னரே ஒருவரைக் குழுவுக்குப் பழக்கும் அறிமுக வட்டத்தில். அந்த வட்டத்தைத் திரை தொடவே இல்லை.

விளைவு எண்களில் தெரிகிறது. 2014-இல் அமெரிக்க இசைக்குழுக்களில் பெண்கள் ஏறத்தாழப் பாதி, கறுப்பினத்தவர் 1.8 விழுக்காடு, லத்தீன் இனத்தவர் 2.5 விழுக்காடு. திரை இரு சாராருக்கும் ஒன்றுதான். இசைப்பள்ளிக்குள் ஏற்கெனவே நுழைந்திருந்தவர்களுக்கு அது பயன்பட்டது, நுழையாதவர்களுக்குப் பயன்படவில்லை. கோல்டின், ரௌஸ் இருவரும் பாலினத்தைப் பற்றியே கேட்டார்கள் என்பதால் இந்தக் குறையை முழுதும் அவர்கள்மேல் சுமத்த இயலாது.

டெட்ராய்ட் இந்தச் சிக்கலை வெளிப்படையாகவே எதிர்கொண்டது. 1989-இல், கறுப்பினக் கலைஞர்கள் போதவில்லை என்று மிச்சிகன் சட்டமன்ற உறுப்பினர்கள் மானியத்தை நிறுத்திவைக்க முனைந்தபோது, டெட்ராய்ட் சிம்பொனிக் குழு திரைத்தேர்வின்றியே கறுப்பின டபுள் பேஸ் கலைஞர் ரிச்சர்ட் ராபின்சனை அமர்த்தியது. தேர்ந்தே உள்ளே வர விரும்பியிருப்பேன் என்று அவரே சொன்னார். அதன் பிறகு, 1998-இல், அதே மாநிலத்தில் ஆரன் டுவார்கின் கறுப்பின, லத்தீன் இளம் தந்திக் கலைஞர்களுக்காக ஸ்ஃபிங்ஸ் போட்டியைத் தொடங்கினார். 18 முதல் 30 வயதினருக்கு ஒரு பிரிவு, இளையோருக்கு ஒரு பிரிவு என ஆண்டுதோறும் அது நடக்கிறது.

ஸ்ஃபிங்ஸின் பிற்கால வளர்ச்சியே என் வாதத்துக்கு வலுவான துணை. போட்டியாகத் தொடங்கிய அமைப்பு போட்டியோடு நிற்கவில்லை. டெட்ராய்டிலும் ஃபிளின்ட்டிலும் பள்ளிக் குழந்தைகளுக்கு வயலினும் பாடமும் இலவசமாகக் கொடுத்தது. கோடைப் பயிற்சி முகாம் அமைத்தது. 2018-இல் நியூ வேர்ல்ட் சிம்பொனி, அமெரிக்க இசைக்குழுக்கள் கூட்டமைப்பு இரண்டோடும் சேர்ந்து, நாற்காலித் தேர்வுக்குச் செல்வோருக்கு வழிகாட்டியும் பயணச் செலவும் மாதிரித் தேர்வும் தரும் திட்டத்தைத் தொடங்கியது. இருபது ஆண்டுகள் போட்டி நடத்தியவர்களே, போட்டி மட்டும் நாற்காலி தராது என்று உணர்ந்ததன் அடையாளமாக இதைக் கொள்கிறேன்.

என் சான்றுகள் மூன்று நகரங்களுக்குள் அடங்குபவை. இருவர் பெரும்புகழ் பெற்றவர்கள், ஆகவே பொதுநிலைக்குச் சாட்சியாக மாட்டார்கள் என்று மறுப்போர் இருக்கலாம். அந்த மறுப்பு நியாயமானதே. ஆனால் புகழின் உச்சிக்குச் சென்றவர்களாலும் பின்வரிசைக் கதவைத் திறக்க முடியவில்லை என்றால், மற்றவர்களுக்கு அது எளிதாயிருந்தது என்று வாதிடுவோரே சான்று காட்ட வேண்டும். அதற்கு வழியும் உண்டு. போட்டிகளில் கலந்துகொண்டோர் பட்டியலையும் குழுக்களின் உறுப்பினர் பட்டியலையும் ஆண்டுவாரியாக அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். வென்றவர்களைவிட, இரண்டாமிடத்தில் நின்றவர்கள் பின்னர் எங்கே போனார்கள் என்பதே இந்த வரலாற்றின் மையக் கேள்வி.