கைகோத்து நகரும் புற்றுநோய் செல்கள்: தனிச் செல்லைவிடக் கொத்து ஏன் ஆபத்தானது?

புற்றுநோயால் நிகழும் மரணங்களில் பெரும்பாலானவற்றுக்கு, முதலில் தோன்றிய கட்டி நேரடிக் காரணமல்ல. அங்கிருந்து நுரையீரல், கல்லீரல், எலும்பு, மூளை போன்ற உறுப்புகளுக்குப் பரவிய செல்களே காரணம். 'மெட்டாஸ்டாசிஸ்' எனப்படும் இந்தப் பரவலை, கட்டியிலிருந்து கழன்ற ஒற்றைச் செல் தன்னந்தனியாக இரத்தத்தில் பயணித்து மற்றோர் உறுப்பில் வேரூன்றும் நிகழ்வாகவே நெடுங்காலம் விவரித்து வந்தனர். ஆனால், ஒன்றோடொன்று ஒட்டிய நிலையிலேயே நகரும் செல் கூட்டங்களுக்கும் இதில் கணிசமான பங்கு உண்டு என்பது, குறிப்பாக மார்பகப் புற்றுநோய் குறித்த ஆய்வுகளில், உறுதியாகி வருகிறது.

உலக சுகாதார அமைப்பின் சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி முகமை மதிப்பீட்டின்படி, 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் சுமார் 14.1 லட்சம் பேருக்குப் புதிதாகப் புற்றுநோய் ஏற்பட்டது. அவற்றில் சுமார் 1.92 லட்சம் மார்பகப் புற்றுநோய். நோய் முற்றிய பிறகே மருத்துவமனைக்கு வருவோர் அதிகம் உள்ள நாட்டில், பரவல் எவ்வாறு நிகழ்கிறது என்பது ஆய்வகத்துக்குள் மட்டும் அடங்கும் கேள்வியல்ல.

ஒட்டும் புரதத்தின் இரட்டை முகம்

தோல், மார்பகக் குழாய், குடலின் உட்புறம் ஆகியவற்றைப் போர்த்தியுள்ள செல்களை அடுத்தடுத்து இறுகப் பிணைத்து வைப்பவற்றில் முக்கியமானது 'ஈ-கேதரின்' என்ற புரதம். இந்தப் பிணைப்பு அறுந்தால்தான் புற்றுநோய் செல் வெளியேற முடியும் என்பதால், ஈ-கேதரின் பரவலைத் தடுக்கும் காவலாகவே கருதப்பட்டது.

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ ஈவால்ட் குழுவினர் 2019-இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வு இக்கருத்தைப் புரட்டிப் போட்டது. மார்பகப் புற்றுநோய் செல்களிலிருந்து ஈ-கேதரினை நீக்கியபோது, அவை முன்பைவிட எளிதாக அண்டைத் திசுக்களுக்குள் ஊடுருவின. ஆனால், வழியிலேயே பெருமளவில் மடிந்தன; தொலைவில் உள்ள உறுப்புகளில் புதிய கட்டிகள் உருவாவதும் வெகுவாகக் குறைந்தது. கட்டியை விட்டு வெளியேறுவதற்குத் தடையாக இருக்கும் அதே புரதம், வெளியேறிய செல் உயிர் பிழைக்கத் துணையாகவும் இருக்கிறது என்பதே இதன் பொருள்.

வழிகாட்டும் செல்கள்

கூட்டமாக நகரும்போது எல்லாச் செல்களும் ஒரே வேலையைச் செய்வதில்லை. முன்வரிசையில் உள்ள சில செல்கள் திசுவின் கொலாஜன் இழைகளைப் பற்றி இழுத்து வழி உண்டாக்க, மற்றவை அவற்றுடன் இணைந்தபடியே பின்தொடர்கின்றன. இந்த முன்வரிசைச் செல்கள் 'கெரட்டின்-14' என்ற புரதத்தை அதிகம் உற்பத்தி செய்வதை 2013-இல் ஈவால்ட் குழுவினரே கண்டறிந்தனர். அப்புரதத்தின் அளவைக் குறைத்தபோது கூட்டத்தின் ஊடுருவலே நின்றுபோனது. சில நேரங்களில் வழி வகுப்பவை புற்றுநோய் செல்களாகக்கூட இருப்பதில்லை. இணைப்புத் திசுவின் நார்செல்கள் முன்னே சென்று பாதை திறக்க, கட்டியின் செல்கள் அதில் நுழைந்துவிடுகின்றன. காயம் ஆறும்போது தோல் செல்கள் அணியாக நகர்ந்து புண்ணை மூடுவதும் ஏறத்தாழ இதே முறையில்தான். உடலுக்கு ஏற்கெனவே உள்ள திறனையே புற்றுநோய் களவாடிக் கொள்கிறது.

நுண்ணோக்கியில் இதன் தடயத்தை நோயியல் மருத்துவர்கள் அன்றாடம் காண்கின்றனர். இந்திய ஆண்களிடையே அதிகம் காணப்படும் வாய்ப்புற்றுநோயில், கட்டியின் விளிம்பிலிருந்து சிறு சிறு தீவுகளாகச் செல்கள் பிரிந்து செல்லும் அமைப்பு இருந்தால், நோய் மீண்டும் வரும் அபாயம் கூடுதல் எனக் கணிக்கப்படுகிறது.

இரத்தத்தில் 23 முதல் 50 மடங்கு அபாயம்

2014-இல் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் பொது மருத்துவமனை ஆய்வாளர்கள், இரத்தத்தில் மிதக்கும் புற்றுநோய் செல் கொத்துகளை எலிகளிடம் ஆராய்ந்தனர். எண்ணிக்கையில் கொத்துகள் மிகக் குறைவே. எனினும், புதிய கட்டியை உருவாக்கும் திறனில் அவை தனிச் செல்களைவிட 23 முதல் 50 மடங்கு வரை மேலோங்கியிருந்தன. மயிரிழையினும் குறுகிய தந்துகிகளில் கொத்துகள் சிக்கிக்கொள்ளும் என்ற ஐயத்துக்கும் 2016-இல் விடை கிடைத்தது: கொத்துகள் ஒற்றை வரிசையாக விரிந்து நுழைந்து, மறுபுறம் வந்ததும் மீண்டும் திரண்டுகொள்கின்றன.

இதைப் படிப்போருக்கு, 'ஊசி போட்டுத் திசு எடுத்தால் நோய் பரவிவிடும்' என்ற பரவலான அச்சம் நினைவுக்கு வரலாம். இரத்தத்தை அடையும் புற்றுநோய் செல்களில் மிகப் பெரும்பாலானவை அழிந்துவிடுகின்றன. பரவல் பல கட்டங்களைக் கடந்தாக வேண்டிய நிகழ்வு. பயாப்சியால் அது நேர்வது மிக அரிது. சில வகைக் கட்டிகளில் மட்டும் ஊசி செலுத்தும் முறையை மருத்துவர்கள் கூடுதல் கவனத்துடன் தேர்வு செய்கின்றனர். அச்சத்தால் பரிசோதனையைத் தள்ளிப்போடுவதே உண்மையான ஆபத்து.

கொத்தைப் பிரிக்கும் இதய மருந்து

பிணைப்புதான் பலம் என்றால், அதை அறுக்க முடியுமா? ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள மருந்துகளைச் சோதித்த நிக்கோலா அசேட்டோ குழுவினர், செல்களின் சோடியம்-பொட்டாசியம் பம்பைத் தடுக்கும் மருந்துகள் கொத்துகளைச் சிதறடிப்பதை 2019-இல் கண்டறிந்தனர். அவற்றுள் ஒன்று, நரிக்கையுறைச் செடி இனத்திலிருந்து பெறப்படும் பழைய இதய மருந்தான டிகாக்சின்.

இது மனிதர்களிடமும் சோதிக்கப்பட்டு, முடிவுகள் 2025 ஜனவரியில் 'நேச்சர் மெடிசின்' இதழில் வெளியாகின. பரவிய மார்பகப் புற்றுநோய் கொண்ட 9 பெண்களுக்கு டிகாக்சின் வழங்கப்பட்டதில், ஒரு கொத்தில் இருந்த செல்களின் எண்ணிக்கை சராசரியாக 2.2 குறைந்தது. அளவில் சிறிய மாற்றம்தான். பங்கேற்றவர்களும் மிகச் சிலரே. நோயாளிகளின் ஆயுள் நீள்கிறதா என்பதை அளவிடும் வகையில் இச்சோதனை வடிவமைக்கப்படவும் இல்லை. பயன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைந்த மருந்து டிகாக்சின் என்பதால், மருத்துவரின் கண்காணிப்பின்றி அதை உட்கொள்வது உயிருக்கே ஆபத்தாக முடியும். எனவே, கொத்துகளை இதைவிடத் திறம்படப் பிரிக்கும் புதிய மூலக்கூறுகளை உருவாக்கும் முயற்சியில் ஆய்வாளர்கள் ஈடுபட்டுள்ளனர்.