இந்தியப் போர் விமான, ஏவுகணைத் திட்டங்கள்

சொந்தமாகப் போர் விமானம் வடிவமைக்கும் வேலையில் இந்தியா 1950-களின் நடுவில் இறங்கியது. ஏவுகணையில் 1970-களின் தொடக்கத்தில். முதலாவதற்குப் பெங்களூரும் இரண்டாவதற்கு ஐதராபாத்தும் மையமாயின. இரண்டையும் பெரிய அளவில் நடத்த அரசு பணம் ஒதுக்கியது ஒரே ஆண்டில், 1983-ல். அடுத்த ஆறு ஆண்டுக்குள் அக்னி ஏவுகணை வானில் ஏறிவிட்டது. தேஜஸ் விமானம் தரையை விட்டு எழப் பதினேழு ஆண்டுக்கு மேல் ஆயிற்று. சிவப்பு நாடா, பணத் தட்டுப்பாடு, அணுகுண்டுச் சோதனைக்குப் பிறகு வந்த தடைகள் என்று இதற்குப் பல காரணங்கள் சொல்வார்கள், எல்லாமே உண்மைதான். ஆனால் முதல் விமானமான மாருத் தொடங்கி இன்றுவரை திரும்பத் திரும்ப வந்து வழிமறிப்பது எஞ்சின்.

மாருத்

பெங்களூரில் 1940 டிசம்பரில், மைசூர் சமஸ்தானத்தின் துணையோடு தொழிலதிபர் வால்சந்த் ஹீராசந்த் தொடங்கிய ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனம் (எச்.ஏ.எல்.), இரண்டாம் உலகப்போரின்போது நேசநாட்டு விமானங்களைப் பழுதுபார்த்துக் கை பழகியது. வி. எம். காட்கே வடிவமைத்த எச்.டி-2 பயிற்சி விமானம் 1951-ல் பறந்தது. அது மூக்கில் சுழலும் விசிறி கொண்ட சிறிய விமானம். அங்கிருந்து ஒலியை மிஞ்சும் போர் விமானத்துக்குத் தாவ விமானப்படை ஆசைப்பட்டபோது, அந்த அனுபவம் உள்ளவர் நாட்டில் எவரும் இல்லை. ஜெர்மானியரான குர்ட் டாங்கை நேருவின் அரசு அழைத்தது. இரண்டாம் உலகப்போரில் பெயர்பெற்ற ஃபோக்கெ-வுல்ஃப் 190-ஐ வடிவமைத்தவர் அவர். போருக்குப் பின் அர்ஜென்டினாவில் வேலை பார்த்துவிட்டு 1956-ல் பெங்களூர் வந்து சேர்ந்தார்.

டாங்கின் குழு முதலில் செய்தது மரத்தாலான முழு அளவு மாதிரி. எஞ்சின் கிடையாது. டகோட்டா விமானத்தின் வாலில் கயிறு கட்டி இழுத்து உயரே கொண்டுபோய், அவிழ்த்துவிட்டு, அது மிதந்து இறங்குவதைப் பார்த்து வடிவத்தின் குணத்தைத் தெரிந்துகொண்டார்கள். கணினி உருவகம் இல்லாத காலத்தில் இது புத்திசாலித்தனமான வழி. 1961 ஜூன் 17 அன்று எச்.எஃப்-24 மாருத்தை விங் கமாண்டர் சுரஞ்சன் தாஸ் முதன்முதலாக ஓட்டினார். ஐரோப்பா, வட அமெரிக்கா, சோவியத் நாடு ஆகியவற்றுக்கு வெளியே சொந்த ஜெட் போர் விமானத்தைச் சோதனைக் கட்டம் தாண்டிப் படையில் சேர்த்த நாடுகள் அப்போது மிகச் சில.

உடல் ஒலியின் இரு மடங்கு வேகத்துக்கு என்று வரையப்பட்டது. அதற்கு ஏற்ற எஞ்சினாக டாங்க் எண்ணியிருந்தது ஆஃப்டர்பர்னர் (வெளியேறும் வாயுவில் மேலும் எரிபொருளை எரித்து உந்துவிசை கூட்டும் பகுதி) பொருத்திய பிரிட்டனின் ஆர்ஃபியஸ் 12. பிரிட்டிஷ் தரப்பு அதில் ஆர்வம் இழந்தது. வேலையை முடிக்க வேண்டுமானால் செலவில் இந்தியாவும் பங்கு தர வேண்டும் என்றார்கள். டெல்லி மறுத்துவிட்டது. அந்த மறுப்பு பின்னாளில் எவ்வளவு விலை வைத்தது என்பதைக் கணக்குப் பார்த்தால், இந்திய விமானத் துறையின் மிக மோசமான சிக்கனம் இதுவாகத்தான் இருக்கும். மாருத் கடைசிவரை ஆஃப்டர்பர்னர் இல்லாத இரண்டு ஆர்ஃபியஸ் 703 எஞ்சின்களோடு பறந்தது. அது நாட் என்ற குட்டி விமானத்தைத் தள்ளிய எஞ்சினின் உறவுக்காரன். சோவியத் எஞ்சின் பொருந்தவில்லை. எகிப்து உருவாக்கிவந்த இ-300 எஞ்சினைப் பொருத்திப் பார்க்க ஒரு மாருத் அந்த நாட்டுக்கே அனுப்பப்பட்டது. 1967-ல் பறக்கவும் செய்தது. அதே ஆண்டு நடந்த அரபு-இஸ்ரேல் போருக்குப் பின் அந்த முயற்சியும் ஓய்ந்தது. உள்நாட்டிலேயே ஆஃப்டர்பர்னர் பொருத்திய மாதிரி ஒன்றைச் சோதிக்கையில், 1970 ஜனவரியில், சுரஞ்சன் தாஸ் விபத்தில் இறந்தார். பெங்களூரில் எச்.ஏ.எல். பக்கம் போகிறவர்கள் கடக்கும் சாலைக்கு அவர் பெயர்தான்.

1971 போரில் ராஜஸ்தான் பாலைவனத்தில் தாழப் பறந்து தாக்கும் வேலையை மாருத் திறமையாகவே செய்தது. இரண்டு எஞ்சின்களில் ஒன்று அடிபட்டாலும் மற்றொன்றில் திரும்பி வர முடிந்தது. மொத்தம் 147 விமானங்கள் கட்டப்பட்டன. 1990-க்குள் அனைத்தும் ஓய்வு பெற்றன. ஒலியை மிஞ்சும் போர் விமானத்தின் இடத்தை நிரப்பியது 1962 ஒப்பந்தப்படி சோவியத்திடமிருந்து உரிமம் பெற்ற மிக்-21. நாசிக்கில் உடலும் ஒடிசாவின் கோராபுட்டில் எஞ்சினும் தயாராயின. வரைபடம் கையில் கொடுத்தால் எதையும் செய்யும் தொழிலாளர் படை ஒன்று இதனால் உருவானது. வரைபடம் போடத் தெரிந்தவர்களோ வேலையில்லாமல் கலைந்து போனார்கள். டாங்கிடம் கற்றவர்களுக்கு அடுத்த விமானம் கிடைக்க இருபது ஆண்டுக்கு மேல் பிடித்தது.

ஐதராபாத்தின் ஐந்து ஏவுகணைகள்

ஏவுகணை முயற்சியும் தோல்வியில்தான் தொடங்கியது. 1970-களில் ஐதராபாத்தின் பாதுகாப்பு ஆராய்ச்சி மேம்பாட்டு ஆய்வகம், சோவியத் எஸ்.ஏ-2 ஏவுகணையைப் பிரித்துப் பார்த்து அதே போல ஒன்றைச் செய்ய முயன்றது. ‘டெவில்’ என்ற அந்தத் திட்டம் முழு ஏவுகணையாக மலராமலே மூடப்பட்டது. ஆனால் அதற்காகச் செய்த திரவ எரிபொருள் எஞ்சின் வீண்போகவில்லை.

1980-ல் எஸ்.எல்.வி-3 ராக்கெட்டை வெற்றிகரமாக ஏவிய குழுவின் தலைவர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம் 1982-ல் இந்த ஆய்வகத்துக்கு இயக்குநராக வந்தார். ராமேசுவரத்தில் பிறந்து, குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் படித்து, எச்.ஏ.எல்.லில் பயிற்சி பெற்றவர் அவர். ஏவுகணைகளை ஒவ்வொன்றாகச் செய்யலாம் என்ற திட்டத்தோடு அவரும் அறிவியல் ஆலோசகர் வி. எஸ். அருணாசலமும் பாதுகாப்பு அமைச்சர் ஆர். வெங்கட்ராமனைச் சந்தித்தனர். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தொடங்குங்கள் என்று அமைச்சர் சொன்னதாக ‘அக்னிச் சிறகுகள்’ நூலில் கலாம் பதிவு செய்திருக்கிறார். 1983 ஜூலையில் ஒருங்கிணைந்த வழிப்படுத்து ஏவுகணை மேம்பாட்டுத் திட்டம் 388 கோடி ரூபாயில் ஒப்புதல் பெற்றது. பிருத்வி, அக்னி, ஆகாஷ், திரிசூல், நாக் என்று ஐந்து பெயர்கள்.

கையில் இருந்ததைக் கொண்டு வேலை பார்ப்பதே கலாம் குழுவின் வழி. டெவிலின் எஞ்சினிலிருந்து பிருத்வி பிறந்தது. 1988 பிப்ரவரி 25 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து முதலில் ஏவப்பட்டது. அதன் நைட்ரிக் அமில எரிகலவை தொட்டியைத் தின்றுவிடும். நிரப்பி நெடுநாள் வைத்திருக்க முடியாது. களத்தில் நின்று நிரப்பவேண்டிய ஏவுகணையை எந்தத் தளபதியும் விரும்ப மாட்டார். இன்று அதன் இடத்துக்குத் திட எரிபொருள் ‘பிரளய்’ வந்துகொண்டிருப்பது அதனால்தான்.

அக்னி இன்னும் எளிய கணக்கு. கீழ் அடுக்கு எஸ்.எல்.வி-3 ராக்கெட்டின் திட எரிபொருள் அடுக்கு. மேல் அடுக்கு பிருத்வியிடமிருந்து வாங்கியது. 1989 ஏப்ரலிலும் மே மாதத் தொடக்கத்திலும் ஏவுதல் கடைசி நேரத்தில் நிறுத்தப்பட்டு, பத்திரிகைகளில் கேலிச்சித்திரங்கள் வந்தன. மே 22 அன்று சண்டிப்பூரிலிருந்து அது கிளம்பியது. 1987-ல் மேற்கு நாடுகள் ஏவுகணைத் தொழில்நுட்பக் கட்டுப்பாட்டு அமைப்பை உருவாக்கிப் பல பொருள்களின் விற்பனையைத் தடுத்திருந்த நேரம் அது. வளிமண்டலத்துக்குள் திரும்பும்போது முனை உருகாமல் காக்கும் கார்பன் கலவையை உள்ளூர் ஆய்வகங்களே செய்யவேண்டியிருந்தது. அந்த அமைப்பிலேயே 2016-ல் இந்தியா உறுப்பினரானது.

மற்ற மூன்றும் இழுத்தடித்தன. நாக், இலக்கின் வெப்பத்தைப் பார்த்துப் பாயும் டாங்கி எதிர்ப்பு ஏவுகணை. ராஜஸ்தானின் பொக்ரான் கோடையில் மணலே டாங்கியின் அளவுக்குச் சுட்டது. எது இலக்கு என்று அதன் கண்ணுக்குப் பிடிபடவில்லை. சரிசெய்ய ஆண்டுகள் ஆயின. திரிசூல் கைவிடப்பட, கடற்படை இஸ்ரேலின் பராக் ஏவுகணையை வாங்கியது. ஆகாஷ் 2015-ல் முறையாகப் படையில் சேர்ந்தது. 2008-ல் ஒருங்கிணைந்த திட்டம் முடித்துவைக்கப்பட்டது. அக்னி வரிசை தொடர்ந்து நீண்டு, 5,000 கிலோமீட்டர் எட்டும் அக்னி-5 2012 ஏப்ரல் 19 அன்று சோதிக்கப்பட்டது. 2024 மார்ச்சில் அதுவே ஒன்றுக்கு மேற்பட்ட போர்முனைகளைச் சுமந்து பறந்தது.

ரஷ்யாவுடன் 1998-ல் கையெழுத்தான உடன்பாட்டில் பிறந்த பிரம்மோஸ் தனி வழி. பிரம்மபுத்திரா, மாஸ்கோவா நதிகளின் பெயர்களை ஒட்டவைத்துப் பெயர் சூட்டினார்கள். ஒலியைவிட ஏறத்தாழ 2.8 மடங்கு வேகத்தில் பாயும் அதன் ராம்ஜெட் எஞ்சின் ரஷ்யக் கொடை. 2001-ல் முதல் சோதனை. 2022-ல் பிலிப்பைன்ஸ் இதை வாங்க ஒப்பந்தம் போட்டது. சுகோய்-30 விமானத்திலிருந்து இதை ஏவும் படைப்பிரிவு 2020 ஜனவரியில் தஞ்சாவூர் விமானப்படைத் தளத்தில் அமைந்தது.

தேஜஸ்

இலகு போர் விமானத் திட்டத்துக்கு 1983-ல் ஒதுக்கியது 560 கோடி. அடுத்த ஆண்டு விமான மேம்பாட்டு முகமை உருவானது. கோட்டா ஹரிநாராயணா தலைமை வடிவமைப்பாளரானார். மிக்-21-க்கு மாற்று செய்வதுதான் நோக்கம். ஆனால் ஒரே தாவலில் எட்ட நினைத்தது பல படிகள்: வால் இறக்கை இல்லாத டெல்டா வடிவம், எடையில் 45 விழுக்காடு கார்பன் கலவை, இயல்பாகவே நிலைகொள்ளாத உடலைக் கணினியால் நிமிர்த்திப் பிடிக்கும் கட்டுப்பாடு, இவற்றுக்குமேல் சொந்த எஞ்சின்.

கட்டுப்பாட்டுக்கு டிஜிட்டலும் அனலாகும் கலந்த முறையைப் பிரெஞ்சு டசோ நிறுவனம் பரிந்துரைத்தது. நான்கு தடமும் டிஜிட்டலாகவே இருக்கட்டும் என்று பெங்களூர் முடிவு செய்தது. விமானி குச்சியை அசைத்தால் கணினி அதை எப்படி மொழிபெயர்த்து இறக்கைக்கு அனுப்பவேண்டும் என்ற விதிகளை தேசிய வான்வெளி ஆய்வகத்தில் ஒரு குழு 1992 முதல் எழுதியது. அமெரிக்காவில் மாற்றியமைத்த எஃப்-16 விமானத்தில் அவற்றைச் சோதித்தார்கள். 1998 மே மாதம் இந்தியா பொக்ரானில் அணுகுண்டைச் சோதித்தது; தடைகள் வந்தன, அமெரிக்காவில் இருந்த இந்தியப் பொறியாளர்கள் வெளியேற்றப்பட்டனர், கருவிகள் அங்கேயே மாட்டிக்கொண்டன. மீதியை இங்கேயே முடித்தார்கள். 2001 ஜனவரி 4 அன்று விங் கமாண்டர் ராஜீவ் கோத்தியால் பெங்களூரில் 18 நிமிடம் பறந்து பத்திரமாக இறங்கினார். முதல் விபத்து நேர்ந்தது 2024 மார்ச்சில்தான். இந்த விதிகளை எழுதியவர்களின் தரத்துக்கு அது போதிய சான்று. 2003-ல் வாஜ்பாய் ‘தேஜஸ்’ என்று பெயரிட்டார்.

படைக்குப் போகும் பாதை மேடு பள்ளம். 2015-ல் தலைமைக் கணக்குத் தணிக்கையர் 53 குறைகளைப் பட்டியலிட்டார். 2016 ஜூலை 1 அன்று இரண்டே விமானங்களோடு 45-ஆம் படைப்பிரிவு தொடங்கி, பிறகு கோவை அருகே சூலூருக்கு இடம்பெயர்ந்தது. 2020-ல் 18-ஆம் பிரிவும் அங்கேயே உருவானது. 2023 ஆகஸ்டில் உள்நாட்டு அஸ்திரா ஏவுகணையை தேஜஸ் கோவா கரைக்கு அப்பால் வானில் ஏவியது. 1983-ல் ஒருசேரப் பணம் பெற்ற இரு கிளைகளும் அன்று ஒரே இறக்கையின் கீழ் வந்தன.

காவேரி

பெங்களூரின் எரிவாயு டர்பைன் ஆராய்ச்சி நிறுவனம் தேஜஸுக்காகக் காவேரி எஞ்சினைச் செய்யும் பொறுப்பை 1989-ல் ஏற்றது: 383 கோடி, 93 மாதம். முழு வேகத்தில் 81 கிலோ நியூட்டன் உந்துவிசை வேண்டும். கிடைத்தது அதற்குக் குறைவு. எடையோ திட்டமிட்டதைத் தாண்டியது.

ஏவுகணையின் எஞ்சின் வாணம் போன்றது. ஒருமுறை எரிந்து முடிந்தால் கடமை தீர்ந்தது. போர் விமான எஞ்சின் ஆயிரக்கணக்கான மணி நேரம், ஏற்றி இறக்கி, சூடாக்கி ஆற்றி ஓடவேண்டும். அதன் டர்பைன் பிளேடுகளில் மோதும் வாயுவின் வெப்பம், பிளேடு வார்த்த நிக்கல் கலவையின் உருகுநிலையையே மிஞ்சும். பிளேடுக்குள் நுண்துளைகள் விட்டுக் காற்றைச் செலுத்திக் குளிர்விக்கிறார்கள். உலோகத்தின் மணிகளுக்கிடையில் விரிசல் விடாதிருக்க முழுப் பிளேடையும் ஒற்றைப் படிகமாக வளர்க்கிறார்கள். இதைச் செய்யத் தெரிந்த நாடுகள் ஒரு கை விரலுக்குள் அடங்கும். அவர்கள் விமானத்தை விற்பார்கள், எஞ்சினை விற்பார்கள், இந்த வித்தையை மட்டும் எளிதில் விற்க மாட்டார்கள்.

போதாக்குறைக்கு, உயரத்தின் மெல்லிய காற்றில் எஞ்சினைச் சோதிக்கும் கூடமும் பறக்கும் சோதனை மேடையும் இந்தியாவில் இல்லை. ஒவ்வொரு முறையும் ரஷ்யாவுக்குக் கப்பலேற்றிக் காத்திருக்க வேண்டும். 2010 நவம்பரில் மாஸ்கோ அருகே ஐ.எல்-76 விமானத்தில் மாட்டிக் காவேரி பறக்கவிடப்பட்டது. அதற்கு இரண்டு ஆண்டு முன்பே தேஜஸிலிருந்து அதைப் பிரித்துவிட்டார்கள். எஞ்சினுக்கு ஆன மொத்தச் செலவு பெரிதென்று குறை சொல்கிறவர்கள், சோதனைக் கூடம் கட்டாமல் மிச்சம்பிடித்த பணத்தையும் சேர்த்துப் பேசுவதில்லை.

தேஜஸின் முதல் மாதிரிகளுக்குத் தற்காலிகமாக வாங்கிய ஜெனரல் எலெக்ட்ரிக் எஃப்-404 நிரந்தரமாயிற்று. 2021-ல் 83 தேஜஸ் மார்க்-1ஏ விமானங்களுக்கு ஒப்பந்தம் போட்டதோடு 99 எஞ்சின்களும் கேட்கப்பட்டன. அந்த எஞ்சின் வரிசையை அமெரிக்க நிறுவனம் மூடிவைத்திருந்தது. மறுபடி திறந்து முதல் எஞ்சினை அனுப்ப 2025 மார்ச் ஆயிற்று. அந்த ஆண்டு செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் கடைசி மிக்-21 விடைபெற்றபோது, 42 படைப்பிரிவு தேவை என்று கணக்கிட்ட விமானப்படையிடம் 29 மட்டுமே மிஞ்சின. அதற்கு முந்தைய நாள்தான் மேலும் 97 தேஜஸுக்கு 62,370 கோடியில் அரசு கையெழுத்திட்டிருந்தது. நவம்பரில் துபாய் விமானக் கண்காட்சியில் ஒரு தேஜஸ் விழுந்து விமானி உயிரிழந்தார்.

ரேடார் கண்ணுக்குத் தப்பும் ஐந்தாம் தலைமுறை விமானத்துக்கு 2024 மார்ச்சில் 15,000 கோடி ஒப்புதல் கிடைத்திருக்கிறது. அதன் முதல் மாதிரிகளும் அமெரிக்க எஃப்-414 எஞ்சினில்தான் பறக்கும். அடுத்த கட்டத்துக்காகப் பிரான்சின் சஃப்ரான் நிறுவனத்தோடு சேர்ந்து இந்தியாவிலேயே எஞ்சின் உருவாக்கும் வேலை தொடங்க இருப்பதாக 2025 ஆகஸ்டில் பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங் அறிவித்தார். காவேரியின் ஆஃப்டர்பர்னர் இல்லாத வடிவம் ஆளில்லாப் போர் விமானத்துக்காகச் சோதனையில் இருக்கிறது.