தாமரை இலை பற்றி நான் தவறாகச் சொல்லிக்கொடுத்தது



போன வாரம் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒரு மாணவர் போன் செய்தார். இப்போது குடமுருட்டிக் கரையில் நாலு மா நிலத்தில் நெல் போடுகிறார். "சார், பயிருக்கு மருந்து அடிக்கிறப்ப காதி சோப்பையும் கரைச்சு ஊத்தச் சொல்றாங்களே, எதுக்கு?" என்றார். இல்லாவிட்டால் மருந்து இலையில் தங்காமல் உருண்டு கொட்டிவிடும், தாமரை இலைத் தண்ணீர் மாதிரி என்றேன். "தாமரை இலை வழவழன்னு இருக்கறதாலதான் தண்ணி ஒட்டலைன்னு நீங்கதானே சார் சொன்னீங்க. நெல்லு இலை சொரசொரன்னு கையை அறுக்குதே?" என்றார்.

சரியான கேள்வி. அவருக்குச் சொன்ன பதிலை உங்கள் எல்லோருக்கும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். ஏனென்றால் வருஷா வருஷம் வகுப்பில் அந்த வழவழப்புக் கதையைத்தான் சொல்லியிருக்கிறேன்.

தாமரை இலை வழவழப்பானது அல்ல. 1970களில் வில்ஹெல்ம் பார்த்லாட் என்ற ஜெர்மானியத் தாவரவியலார் இலைகளை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்துவந்தார். பார்ப்பதற்கு முன் இலையைக் கழுவ வேண்டும். வழவழப்பான இலைகளில்தான் தூசி அப்பியிருந்தது. சில இலைகளைக் கழுவவே வேண்டியிருக்கவில்லை. அவை கரடுமுரடாக இருந்தன. தாமரை இலை முழுக்க ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு அளவுக்குச் சின்னச் சின்ன மேடுகள். அவற்றின் மேல் இன்னும் நுண்ணிய மெழுகுக் குழல்கள். அறுவடை முடிந்த வயலில் அறுத்த தாளின் மேல் வைக்கோல் கட்டை வைத்தால் அது தாள் நுனிகளில்தான் உட்காரும், தரையைத் தொடாது. தண்ணீர்த் துளியும் அப்படித்தான். அடியில் இருப்பது காற்று. உருளும்போது தூசியையும் கூட்டிக்கொண்டு போய்விடுகிறது. மெழுகு மட்டும் போதாதா என்றால், மெழுகுவர்த்தியின் மேல் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். குவிந்து நிற்கும், இப்படி ஓடாது.

நைன்ஹுயிஸ் என்பவரோடு சேர்ந்து பார்த்லாட் 1997இல் இதை விரிவாக எழுதினார். 1999இல் 'லோட்டுசான்' என்ற வெளிச்சுவர்ப் பெயிண்ட் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்தது. காய்ந்த பிறகு அதன் மேற்பரப்பு நுண்ணிய கரடாக இருக்கும். மழை பெய்தால் சுவரே தன்னைக் கழுவிக்கொள்ளும்.

வேலையைச் செய்வது பெரும்பாலும் வடிவம் என்றால், அந்த வடிவத்தை அச்செடுக்கலாம் அல்லவா? இந்த யோசனைக்கு இருநூறு வயது. ஸ்காட்லாந்துக்காரரான டேவிட் புரூஸ்டர் முத்துச்சிப்பியின் வானவில் நிறங்களை ஆராய்ந்தவர். சிப்பித் துண்டைக் கருவியில் பொருத்த மெழுகும் குங்கிலியமும் கலந்து ஒட்டினார். பெயர்த்து எடுத்தபோது மெழுகிலும் அதே நிறங்கள்! சிப்பியின் படலம்தான் ஒட்டிக்கொண்டது என்று முதலில் நினைத்தார். பிறகு கறுப்பு மெழுகு, பிசின், ஈயம் என்று ஒவ்வொன்றிலும் பதித்துப் பார்த்தார். எல்லாவற்றிலும் நிறம் வந்தது. சாயம் எதுவும் இல்லை, மேற்பரப்பின் நுண்கோடுகள் செய்த வேலை. (சிப்பியின் உள்ளடுக்குகளிலிருந்து வரும் நிறம் மட்டும் அச்சில் வராது.) 1814இல் இதை வெளியிட்டார். நம் திருச்சியில் பிறந்த சர் சி.வி.ராமனும் 1930களில் பெங்களூரில் இருந்தபோது சிப்பிகளின் நிறத்தையும், நம் வயல் கம்பிகளில் உட்கார்ந்திருக்கும் பனங்காடையின் நீலத்தையும் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்.

தாமரைக்கு அச்சு எடுத்தவர்கள் பீஜிங்கில் இருந்தார்கள். 2005இல் இலையின் மேல் சிலிக்கோன் ரப்பர் குழம்பை ஊற்றி, இறுகியதும் உரித்தார்கள். மேடு இருந்த இடமெல்லாம் பள்ளம். அந்தப் பள்ளத்தில் மறுபடி வார்த்தால் மேடு. சுவாமிமலை ஸ்தபதிகள் மெழுகுப் படிமத்தின் மேல் காவிரி வண்டலைப் பூசி அச்செடுப்பார்களே, கிட்டத்தட்ட அதே வழி. கடைசியில் கிடைத்த ரப்பர் இலையிலும் தண்ணீர் உருண்டு ஓடியது.

நம் வகுப்பிலும் ஒருமுறை இதைத்தான் செய்தோம், ஞாபகம் இருக்கிறதா? செம்பருத்தி இலையில் பெவிகால் தடவி, காயவைத்து, உரித்து, நுண்ணோக்கியில் இலைத்துளை பார்த்தோம். அன்றைக்கு ஒருவன் கோயில் குளத்துத் தாமரை இலையையும் கொண்டுவந்தான். பசை பரவாமல் உருண்டை உருண்டையாக நின்றது. "இது சரிப்படாது, வேற இலை எடு" என்று வாங்கி ஓரமாகப் போட்டுவிட்டேன். பாடமே அந்த இலையில்தான் இருந்திருக்கிறது. அவன் இதைப் படித்தால் என்னை மன்னிக்கட்டும்.

நெல் இலைக்கு வருகிறேன். அதிலும் அதே நுண்மேடுகள்தான், ஆனால் நரம்பை ஒட்டி வரிசை வரிசையாக, நடவு போட்ட மாதிரி நிற்கின்றன. அதனால் துளி நீளவாக்கில் எளிதாக ஓடும், குறுக்கே ஓடத் தயங்கும். இதைச் சீனாவின் லெய் ஜியாங் குழுவினர் 2002இல் எழுதினார்கள். நுண்ணிய கார்பன் குழல்களை அதே மாதிரி வரிசையில் வளர்த்தும் காட்டினார்கள். சோப்பு சேர்ந்தால் தண்ணீரின் இழுவிசை குறைந்து, துளி முத்தாக நிற்க முடியாமல் இலையில் படிந்துவிடும். மாணவர் கேட்டதற்குப் பதில் இதுதான்.

நேற்றுக் காலை அவர் வயலுக்கே போய்ச் செய்து பார்த்தேன். ஒரு நெல் இலையில் சொட்டு விட்டேன், ஓடியது. அதே இலையில் விரலை வைத்து நன்றாகத் தேய்த்துவிட்டு மறுபடி விட்டேன். மெழுகு போன இடத்தில் துளி அப்படியே ஒட்டிக்கொண்டது. ஊரில் இருப்பவர்கள் செய்து பார்த்துச் சொல்லுங்கள்.