தேக்காவில் தடுக்கிய விதி

ஒரே உத்தரவில் ஆயிரக்கணக்கான பதிவுகளைத் திருத்தும் கருவிகளை இப்போது செயற்கை நுண்ணறிவு முகவர்களிடம் ஒப்படைக்கிறார்கள். அவற்றுக்கான கையேடுகளில் கருவியை எப்படி இயக்குவது என்பது பக்கம் பக்கமாக இருக்கும். எங்கே கை வைக்கக் கூடாது என்பது, இருந்தால், ஒரு வரி. அந்த ஒரு வரிதான் கையேட்டின் உயிர் என்பது என் கட்சி. இதற்குச் சான்று தேடிக் கணினி ஆய்வகத்துக்குப் போக வேண்டாம். முகவர்கள் வருவதற்கு வெகு முன்பே சிங்கப்பூர் தன் எண்களையும் முகவரிகளையும் ஊர்ப்பெயர்களையும் மொத்தமாகத் திருத்திப் பார்த்திருக்கிறது.

2002 மார்ச் 1 அன்று தீவின் வீட்டு, அலுவலகத் தொலைபேசி எண்கள் எல்லாவற்றுக்கும் முன்னால் 6 சேர்ந்தது. ஏழு இலக்கம் எட்டானது. சிராங்கூன் சாலை மளிகைக்கடைக்காரர் பெயர்ப்பலகையில் தாமே ஓர் இலக்கத்தை எழுதிக்கொள்ளலாம், யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஆனாலும் காவல்துறையின் 999, தீயணைப்புக்கும் ஆம்புலன்சுக்குமான 995, 1800 என்று தொடங்கும் கட்டணமில்லா எண்கள் ஆகியவை விதிக்கு வெளியே நின்றன. எல்லா எண்ணுக்கும் 6 என்று கண்ணை மூடிக்கொண்டு போட்டிருந்தால் தீப்பிடித்த வீட்டுக்கு வண்டி வந்திருக்காது. 1995 செப்டம்பர் 1 அன்று நான்கிலக்க அஞ்சல் குறியீடு ஆறிலக்கமானது இதைவிடச் சிக்கலான வேலை. தேக்கா நிலையம் என்ற சந்தை இருப்பது பஃபலோ ரோட்டின் 665ஆம் புளோக். அதன் குறியீடு 210665. முதல் இரண்டு இலக்கம் வட்டாரம், கடைசி மூன்று புளோக் எண். வீடமைப்பு வளர்ச்சிக் கழகக் (வீவக) கட்டடங்களுக்குப் பெரும்பாலும் இப்படி ஊகித்துவிடலாம். கொஞ்சம் தள்ளி, சிராங்கூன் சாலை 141ஆம் எண்ணில் இருக்கும் வீரமாகாளியம்மன் கோயிலின் குறியீடோ 218042. 141 அதற்குள் எங்கும் இல்லை. எந்த முகவரிக்குக் கணக்குப் போதும், எதற்குப் பட்டியலைப் பார்க்க வேண்டும் என்று தெரியாதவர் கையில் முதல் உதாரணம் மட்டும் கிடைத்தால், கோயிலுக்கு அனுப்பும் கடிதம் வேறெங்கோ போய்ச் சேரும்.

இவை இரண்டும் நல்லபடி முடிந்தவை. மூன்றாவது அப்படியல்ல. 1970களின் கடைசியிலும் 80களிலும் சீன வட்டார மொழிகளில் வழங்கிய பல பெயர்களை மாண்டரின் உச்சரிப்புப்படி, ஹன்யூ பின்யின் முறையில் எழுதும் முயற்சி நடந்தது. சிராங்கூன் சாலைக்கு ஒரு பக்கம் 1915 முதல் இருந்த பழைய தேக்கா சந்தை 1982இல் மறுபக்கத்துப் புதிய கட்டடத்துக்கு மாறியபோது, அதற்கு ஜூஜியாவ் நிலையம் என்று பெயர் வைத்தார்கள். சீன எழுத்தில் பார்த்தால் ஒன்றுமே மாறவில்லை. தேக்காவுக்கும் ஜூஜியாவுக்கும் எழுத்துகள் அவையே. சரிபார்ப்பவர் சீனப் பதிவேட்டை மட்டும் திறந்திருந்தால் எல்லாம் சரி என்றுதான் சொல்லியிருப்பார். ஆனால் ஹொக்கியனில் பிறந்த அந்தப் பெயர் அதற்குள் தமிழர் வாயிலும் மலாய்க்காரர் வாயிலும் அவரவர் சொந்தப் பெயராகிவிட்டிருந்தது. மீன் வாங்க வந்தவர்கள் தேக்காவுக்குத்தான் போனார்கள்; ஜூஜியாவ் பலகையில் தங்கிவிட்டது. 2000இல் அது அதிகாரபூர்வமாகத் தேக்கா நிலையம் ஆனது. ஒரு பெயரைத் திரும்பப் பெறப் பதினெட்டு ஆண்டு.

அது மொழிக்கொள்கையின் விளைவு, கையேட்டின் குறை அல்ல என்று ஒருவர் சொல்லலாம். கொள்கை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 6 சேர்த்ததும் கொள்கைதான். அங்கே விதியோடு விலக்கும் சேர்ந்தே வந்தது. இங்கே சீனப் பெயர்களுக்கான விதி, சீனப் பெயராக மட்டும் இல்லாமல் போய்விட்ட ஒன்றின் மேலும் விழுந்தது. இன்றைய முகவர் புத்திசாலி, இத்தகைய வேறுபாட்டைத் தானே கண்டுகொள்ளும் என்பது அடுத்த மறுப்பு. கொஞ்சம் வலுவானதும்கூட. தேக்காவைப் பற்றி அது நிறையப் படித்திருக்கும். ஆனால் ஒரு நிறுவனத்தின் பதிவேட்டில் எந்தப் பெயரை யார் எதற்காக அப்படியே விட்டுவைத்தார்கள் என்பது, யாராவது எழுதி வைத்தால் ஒழிய, எந்த முகவருக்கும் தெரிய வழியில்லை. விலக்குகளை அடுக்கிக்கொண்டே போனால் மொத்தத் திருத்தம் எதற்கு என்பாரும் உண்டு. 2002இன் விலக்குகள் ஒரு துண்டுச்சீட்டில் அடங்கக்கூடியவை. தவிர, விலக்கு எல்லாவற்றையும் முன்கூட்டி அறிய முடியாது என்பதால்தான் கையேட்டில் ஒத்திகைக்கும் பழையதை மீட்பதற்கும் இடம் வேண்டும்: எவை மாறப்போகின்றன என்று முதலில் காட்டு, பழைய மதிப்பைத் தனியே வை, மாற்றியது யார், எப்போது என்று குறித்துக்கொள்.

வடக்கே இன்னும் விடைகாணாத ஒன்று இருக்கிறது. தொழிலதிபர் லிம் நீ சூன் பெயரால் வழங்கிய இடத்தில் எழுந்த நகரம் பின்யின் முறையில் ஈசூன் ஆனது. நாடாளுமன்றக் குழுத்தொகுதியோ நீ சூன் என்றே இருக்கிறது. இரண்டும் ஒரே பெயர், இரண்டும் இன்று சரியானவை. எழுத்துக்கூட்டலை ஒரே சீராக்கு என்று மட்டும் சொல்லி ஒரு முகவரை அனுப்பினால், தேர்தல் பதிவேட்டில் இல்லாத ஒரு தொகுதியை அது ஆயிரம் பக்கங்களில் உருவாக்கிவிட்டு, வேலை பிழையின்றி முடிந்தது என்று அறிக்கை தரும்.