கையொப்பமும் சிந்தாமணியும்

சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலே தமிழ்நூல்களை அச்சிடப் புகுந்தோர், முதற்கண் விளம்பரம் வெளியிட்டு, நூலை வாங்க இசைவோரிடம் கையொப்பம் பெறுதல் வழக்கம். சிலர் முன்பணமும் உதவுவர். இது பொருளீட்டும் உபாயமென்றே பலரும் கருதுவர். அது பதிப்பாசிரியரைப் பிணிக்குங் கயிறாகவும் நின்றதென்பது டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள் சீவக சிந்தாமணியை வெளியிட்ட வரலாற்றால் விளங்கும்.

1880-இல் கும்பகோணம் காலேஜில் தமிழாசிரியராயமர்ந்த ஐயரவர்களை, அவ்வூர்க்கு முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியாரவர்கள், சிந்தாமணி படித்ததுண்டோ என வினவினர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் புராணங்களும் பிரபந்தங்களும் நிரம்பப் பாடங்கேட்டவர்க்கும் அந்நூற்பயிற்சி வாய்த்திலது. முதலியார் பிரதியை அளித்துத் தமக்குப் பாடஞ்சொல்லவும் வேண்டினர். ஐயரவர்கள் இசைந்தார்கள். இவ்விசைவே முதற்கட்டு என்க. கேட்போர் எதிரேயிருக்க, விளங்காத இடத்தைப் பின்னர்ப் பார்ப்போமென்று கடந்துபோதல் எளிதன்று. சைன மரபுச் செய்திகளைக் கும்பகோணத்துச் சைனர்பாற் சென்று கேட்டறிந்ததும் அதுபற்றியே.

பின்னர் ஏடுகள் சேரச் சேரப் பாடபேதங்கள் பெருகின. இன்னுமோர் ஏடு கிடைக்கட்டும் என்பது பதிப்பாளரைப் பற்றும் நோய். அந்நோயிலேயே ஆயுள் கழித்த புலவரும் உளர். ஏடோ காத்திராது, செல்லரித்துக்கொண்டேயிருக்கும். பதிப்புத்துறையில் முன்னோடியாகிய சி. வை. தாமோதரம் பிள்ளையவர்கள் தாமே அச்சிடுவதாகக் கூறிப் பிரதியைக் கேட்டபொழுதும் ஐயரவர்கள் கொடுத்திலர். கொடாமையால் முடிக்குங் கடன் தம்மேல் முன்னினும் மிகுந்தது.

ஐம்பது ரூபாய்ச் சம்பளத்தில் அப்பெருநூலையும் நச்சினார்க்கினியர் உரையையும் அச்சேற்றுதல் இயலுமோ? ஆதலின் கையொப்பம் வாங்கினார்கள். 1886-இல் சென்னையில் அச்சுவேலை தொடங்கியது. கையொப்பமிட்டோர் புத்தகம் எப்பொழுது வருமென்று கேட்பரேயன்றி, ஐயம் எத்தனை எஞ்சியுள்ளதென்று கேளார். கல்லூரி வேலைக்கிடையே அச்சுத்தாள்களைத் திருத்தியும், விடுமுறையிற் சென்னை சென்று தங்கியும் உழைத்தார்கள். தெளியாத இடங்கள் சில அவ்வாறே நின்றன. அவற்றை நிற்கவிட்டு நூலை வெளியிடத் துணிந்ததே யாம் பெரிதாக மதிப்பது. 1887-இல் சிந்தாமணி வெளிவந்தது. பின்னுங் கிடைத்த ஏடுகளைக்கொண்டு திருத்திய இரண்டாம் பதிப்பு 1907-இல் வந்தது.